செங்கல் இல்லாம கட்டினவன் ஊருல கம்ப்யூட்டர் கட்டப் போறியா?

வாடா பேராண்டி, வா. திண்ணையில உக்காரு. கையில இன்னா சீட்டு? மளிகைச் சீட்டுன்னு நெனைச்சிக்கினு உங்க பாட்டி பையத் தூக்கிக்கினு கெளம்பிடப் போறா. ஓ, கேம் ஆடற கம்ப்யூட்டருக்கு சாமான் சீட்டா? படி, கேக்கறேன். எனக்கு அதெல்லாம் ஒண்ணும் தெரியாதுப்பா. நான் காயில் கட்டறவன். சுத்துப்பட்டுல எரிஞ்சு போன மோட்டாரெல்லாம் என்கிட்டதான் வரும். எது எதனால எரிஞ்சுதுன்னு மட்டுந்தான் எனக்குத் தெரியும்.

முதல் வரி ஆர்டிஎக்ஸ் 5090 கிராபிக்ஸ் கார்டா? பேரு நல்லாத்தான் இருக்குது. எவ்வளவு கரண்டு தின்னும்? 575 வாட்டா? அடேயப்பா, முக்கால் ஹெச்பி மோட்டாரு! கயினியில ஓட்டினா ஓசிக் கரண்டு. வூட்டு மீட்டருல ஓட்டினா பில்லு யாரு பேருக்கு வருதுன்னு அட்டையப் பாரு, என் பேருதான். விலை ரெண்டு லட்சத்துக்கு மேலயா? பரவாயில்ல, எழுதி வை. சீட்டுல எழுதறதுக்குக் காசா பணமா? ரெண்டாவது வரி? தண்ணி கூலரு. மூணாவது? கலரு கலரா எரியற ராமு, ஃபேனு. நாலு பக்கமும் கண்ணாடி வச்ச கேபினட்டு. சரி, இதுக்கெல்லாம் கரண்டு குடுக்கற எஸ்எம்பிஎஸ் எங்கடா? "கேபினட்டோட ஃப்ரீயா வரும் தாத்தா." பேஷ். வூட்டுக்கு வாசக்காலு தேக்குல, அஸ்திவாரம் மட்டும் இனாம்.

கோவிச்சுக்காத ராசா. ஒண்ணு கேக்கறேன், சொல்லு. நம்ம ஊருப் பாறையில மகேந்திரவர்மன் கோயிலு வெட்டி வச்சிருக்கானே, அங்க இருக்கற கல்வெட்டு இன்னா சொல்லுதுன்னு தெரியுமா? தெரியாது. துவாரபாலகர் பக்கத்துல நின்னு செல்ஃபி எடுத்திருப்ப, அது தெரியும். ஏழாம் நூத்தாண்டுல கிரந்த எழுத்துல சமஸ்கிருதத்துல வெட்டினது. பிரம்மா, ஈஸ்வரன், விஷ்ணு மூணு பேருக்கும் விசித்திரசித்தன்கிற ராசா இந்தக் கோயிலைச் செஞ்சான்னு சொல்லுது. விசித்திரசித்தன்னா அந்த மகேந்திரனுக்கே இருந்த பட்டப்பேருதான். எப்பிடிச் செஞ்சானாம்? செங்கல்லு இல்லாம, மரம் இல்லாம, உலோகம் இல்லாம, சுண்ணாம்பு இல்லாம. பாத்தியா? எதைப் போட்டேன்னு அவன் பீத்திக்கல. எதைப் போடலன்னு பீத்திக்கினான். மத்தவிலாசம்னு ஒரு கிண்டல் நாடகமும் எழுதின ஆளு அவன், வெவரமானவன்.

உனக்கு நான் சொல்றதும் அதேதான். சாமான் சீட்டைத் திருப்பிப் போடு. பின்பக்கம் "இன்னின்னது இல்லாம"ன்னு தலைப்பு போட்டு எழுது. ராசா நாலு அடிச்சான், நீ அஞ்சாறு அடி. அடிச்ச காசெல்லாம் எங்க போய் உக்காரணும்னு அப்பால சொல்றேன்.

முதல்ல அடிக்க வேண்டியது 4கே மானிட்டரு. ஆவேசப்படாம கணக்கப் பாரு. 1080பி ஸ்க்ரீன்ல இருக்கற புள்ளி 20 லட்சத்துச் சொச்சம். 1440பின்னா கிட்டத்தட்ட 37 லட்சம். 4கேன்னா 83 லட்சம். அத்தனை புள்ளியையும் நொடிக்கு அறுபது தடவை, நூத்திநாப்பது தடவைன்னு கிராபிக்ஸ் கார்டு புதுசா வரைஞ்சாவணும். 4கே மானிட்டரு வாங்கினா நாலு மடங்கு வேலையக் கார்டு தலையில கட்டறன்னு அர்த்தம். நீ ஆடற ஆட்டம் இன்னா? வேலரண்ட்டா? அது 2020ல வந்தது, அதரப் பழசு மெஷின்லயும் ஓடணும்னே செஞ்ச ஆட்டம். அதே வருசம் டிசம்பர்ல வந்த சைபர்பங்க் 2077 இருக்குது பாரு, அது நல்ல மெஷினையும் மூச்சு வாங்க வைக்கும். ரெண்டும் ஒரே வருசத்துப் பொறப்பு, பசி மட்டும் வேற. உன் ஆட்டம் எது, அது எத்தனை தீனி கேக்குதுன்னு தெரியாம கார்டு பேரச் சொல்றவன், ஆழம் தெரியாம கால வுடறவன். உனக்கு 1080பி, 144 ஹெர்ட்ஸ் போதும். ஆசை அடங்கலன்னா 1440பி. அதுக்கு மேல எழுதின வரியக் கோடு போட்டு அடி.

ரெண்டாவது, ஜோடி சேராத சாமான அடி. ரெண்டு இஞ்சி பைப்பு எறக்கின போருல பத்து ஹெச்பி மோட்டாரப் போட்டவன எனக்குத் தெரியும். தண்ணி அதே தண்ணிதான் வந்துது, காயில்தான் அடிக்கடி கருகிச்சு. அந்தக் கதைதான் இதுவும். ப்ராசசரு நோஞ்சானா இருந்தா பெரிய கார்டு கைகட்டி நிக்கும். கார்டு நோஞ்சானா இருந்தா பெரிய ப்ராசசரு வேடிக்கை பாக்கும். உனக்கு ஆறு கோர் இருந்தா தாராளம். ஏஎம்டியில ரைசன் 5 7600 இருக்குது, இன்டெல்லுல ஐ5 இருக்குது. எது ஒசத்தின்னு கேக்காத, ஊரு ரெண்டுபட்டா கூத்தாடிக்குக் கொண்டாட்டம். அன்னிக்கு ரிச்சி ஸ்ட்ரீட்டுல எது விலை கொறைவோ அதுதான் ஒசத்தி. கார்டுல ஆர்டிஎக்ஸ் 5060ன்னா 145 வாட், 8 ஜிபி. உன் ஆட்டத்துக்கு இன்னிக்கு அது பத்தும். பெரிய பெரிய ஆட்டத்தை எல்லாம் அல்ட்ராவுல வச்சுத்தான் ஆடுவேன்னு அடம் புடிச்சா 8 ஜிபி முட்டும். அப்ப 16 ஜிபி இருக்கற 5060 டிஐ, இல்ல ஏஎம்டியில 9060 எக்ஸ்டின்னு போ. அதுலயும் உஷாரு. அந்த ரெண்டு கார்டுமே அதே பேருல 8 ஜிபியிலயும் வருது. பேரப் பாத்துட்டுக் காசக் குடுத்துடாத, பெட்டி மேல நம்பரப் பாரு.

மதர்போர்டுக்கும் ப்ராசசருக்கும் சம்பந்தம் பேசறப்ப சாக்கெட்டப் பாரு. ரைசன் 7600க்கு ஏஎம்5 போர்டுதான். 2022ல வந்த சாக்கெட்டு அது, 2027க்கு அப்பாலயும் அதுக்குப் புது ப்ராசசரு வரும்னு ஏஎம்டிகாரனே சொல்லியிருக்கான். நாளைக்கு ப்ராசசர மட்டும் மாத்திக்கலாம், போர்டு அப்பிடியே இருக்கும். பழைய ஏஎம்4ல போனா காசு கொறையும், ஆனா அந்த ரோடு அங்கியே முடியுது. இன்டெல்லுல 12, 13, 14ன்னு மூணு தலைமொறைக்கு எல்ஜிஏ 1700. 2024ல வந்த கோர் அல்ட்ராவுக்கு எல்ஜிஏ 1851, அதுக்கு இது சேராது. ராமும் அப்பிடித்தான். டிடிஆர்4 போர்டுல டிடிஆர்5 ஏறாது, வெட்டு வேற எடத்துல இருக்கும். "அழுத்தினா போவும் தாத்தா"ன்னு அழுத்தித் தொலைக்காத.

ப்ராசசரு பேருக்குக் கடைசியில எஃப்னு ஒத்த எழுத்து இருந்தா, அதுல படம் காட்டற வசதி கெடையாது. கார்டு கெட்டுச்சுன்னா கம்ப்யூட்டரு இருட்டுதான். காசு கொறையுதுன்னா வாங்கிக்க, தப்பில்ல. வாங்கறது இன்னான்னு தெரிஞ்சு வாங்கு.

மூணாவது, தண்ணி கூலர அடி. ரைசன் 7600 பெட்டியிலயே ஒரு கூலரு வெச்சுக் குடுக்கறான். 65 வாட் ப்ராசசருக்கு அதுவே சரி. சத்தம் போடுதுன்னா நாளைக்கு நல்ல காத்துக் கூலரா ஒண்ணு வாங்கிக்கலாம். பேருக்குப் பின்னால எக்ஸ் போட்ட 7600எக்ஸ் வாங்கினா கூலரு தரமாட்டான், அதையும் பாத்துக்க.

நாலாவது, கலரு லைட்ட அடி. சீரியல் லைட்டு பாக்கணும்னு ஆசையா இருந்தா ஆடி மாசம் மாரியம்மன் திருவிழா வருது, ஓசியில பாத்துக்கலாம்.

அஞ்சாவது, நாலு பக்கக் கண்ணாடிய அடி. நம்ம ஊரு கத்திரி வெயில்ல வூட்டுக்குள்ளயே வேகுது. முன்பக்கம் கண்ணாடி போட்டு மூடினா காத்து எந்த வழியா வரும்? ப்ராசசரு 95 டிகிரியத் தொட்டா தன்னால வேகத்தக் கொறைச்சுக்கும், நீ "லேக் அடிக்குது"ன்னு நெட்டுக்காரன திட்டிக்கினு கெடப்ப. முன்பக்கம் சல்லடை மாதிரி ஓட்டை வச்ச கேபினட்டா வாங்கு, உள்ள தூசு ஃபில்டரு இருக்கட்டும். ஜல்லி லாரி ஓடற ரோட்டு மேல குடியிருக்கறோம், மாசம் ஒருக்கா அதத் தட்டு. பின்னால சும்மா இருக்கற ஓட்டைக்கெல்லாம் அவன் குடுத்த தகட்டப் போட்டு மூடு, இல்லன்னா பல்லி குடும்பத்தோட குடிவந்துடும். ஒத்தப் பக்கம் கண்ணாடி இருந்தாலும் சரி, அதக் கழட்டி டைல்ஸ் தரையில நிக்க வைக்காத. ஓரம் பட்டா போதும், கல்கண்டாட்டம் உதிர்ந்துடும்.

ஆறாவது, செகண்ட் ஹேண்ட் கார்டு. இத மொத்தமா அடின்னு சொல்லமாட்டேன், நானே பழைய மோட்டாரு வித்துப் பொழைச்சவன். ஆனா ஒரு கதை இருக்குது. கிரிப்டோ காசு தோண்டறேன்னு ராத்திரி பகலா கார்ட ஓட்டினாங்க. 2022 செப்டம்பர்ல எத்தீரியம் தோண்டற வேலைய நிறுத்திச்சு, அந்தக் கார்டெல்லாம் துடைச்சுப் பளபளன்னு சந்தைக்கு வந்துது. தலைமொறை மாறிச்சு, கதை மாறல. பளபளப்பப் பாக்காத, கண்ணெதிர்ல அரை மணி நேரம் ஆட்டத்த ஓட்டிக் காட்டச் சொல்லு. ஓட்டிக் காட்டமாட்டேன்னா எந்திரிச்சு வா.

அடிச்சாச்சா? இப்ப மிச்சக் காசு எங்க போவணும்னு கேளு. இது என் சங்கதி, இங்க குறுக்க பேசாத.

எஸ்எம்பிஎஸ். அந்த ஃப்ரீ டப்பா இருக்குதே, அதத் திருப்பி அடியில ஒட்டியிருக்கற ஸ்டிக்கர படி. மேல கொட்டை எழுத்துல 500 வாட்ஸ்னு போட்டிருப்பான். அத வுடு. கீழ சின்னதா ஒரு கட்டம் இருக்கும், அதுல 12 வோல்ட் வரியில எத்தினி ஆம்பியர்னு பாரு. ப்ராசசரும் கார்டும் கரண்டு குடிக்கறது அந்த வரியிலதான். 16 ஆம்பியர்னு இருந்தா பன்னெண்டாலப் பெருக்கு. 192 வாட். 500ன்னு சொன்னவன் மூஞ்சிய இப்ப பாரு. நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ்னா அந்த வரியில 45 ஆம்பியர் பக்கம் இருக்கும், பெருக்கினா 540. கணக்கு நேரா வருதா? அதுதான் நாணயம். உன் கார்டு 145, ப்ராசசரு முக்கினாலும் 90, போர்டு, ஃபேனு, எஸ்எஸ்டி எல்லாம் சேத்து ஐம்பது. முந்நூறுக்குள்ள முடிஞ்சுது. 5060க்கு என்விடியாகாரன் கேக்கறதும் 550தான். 1000 வாட்டு வாங்கிக்கினு திரியாத. 80 பிளஸ் பிரான்ஸ், கோல்டுன்னு முத்திரை குத்தியிருப்பான். எவ்வளவு கரண்டு சூடாப் போயி வீணாவுதுங்கற கணக்கு அது, சரக்கு எத்தினி வருசம் உழைக்கும்னு சொல்ற சான்றிதழ் இல்ல. அதுக்கு எத்தினி வருசம் வாரண்டின்னு பாரு. அஞ்சு வருசம் தர்றவன் பயமில்லாம தர்றான்.

இன்னொண்ணு பாரு, இது பட்டணத்துக்காரன் சொல்லமாட்டான். அதே ஸ்டிக்கர்ல இன்புட்டுன்னு ஒரு வரி. 200லேருந்து 240 வோல்ட்டுன்னு இருந்தா வாங்காத. 100லேருந்து 240ன்னு இருக்கறதா வாங்கு. நம்ம பக்கம் மும்முனைக் கரண்டு வுட்ட நேரம் எல்லா கொட்டாயிலயும் மோட்டாரு ஒண்ணா ஓடும், வூட்டு லைட்டு மங்கும், டெஸ்டரு வச்சா 180, 170ன்னு காட்டும். 200 வோல்ட் டப்பா அங்க மயக்கம் போட்டு வுழுவும். நீ கிளைமாக்ஸ்ல இருப்ப.

அப்பால எர்த்து. மூணு முள்ளு பிளக்கப் போட்டுட்டா எர்த்து வந்துடுச்சுன்னு நெனைச்சிக்கினு இருக்க. மேல முள்ளு செவுத்துக்குள்ள எங்க போய் முடியுதுன்னு யாரு பாத்தா? கம்ப்யூட்டரு ஓடறப்ப கேபினட்டுத் தகட்ட வெறுங்கால்ல நின்னு தொட்டா சுர்ருன்னு இழுக்கும் பாரு, அதுதான் எர்த்து இல்லாத வூட்டோட அடையாளம். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள்ள இருக்கற ஃபில்டரு கொஞ்சம் கரண்டத் தகட்டுக்குத் தள்ளும். எர்த்து இருந்தா மண்ணுக்குப் போவும், இல்லன்னா உன் வழியாப் போவும். வாயரமேனக் கூப்பிட்டு கொல்லையில குழி எடுத்து, உப்பும் கரியும் போட்டு பைப்பு எறக்கச் சொல்லு. கலரு ராம அடிச்ச காசு இதுக்குப் பத்தும்.

யூபிஎஸ்ஸும் வேணும். 600 விஏன்னு போட்டிருப்பான், அது வாட்டுல 360தான். உன் டப்பா முந்நூறு, மானிட்டரு முப்பது. ஓட்டுவேன்னு சொல்லிக்கினே கீக்கீன்னு கத்தும். 1000 விஏ வாங்கினா 600 வாட்டு. கரண்டு போனா ஆட்டத்தத் தொடரறதுக்கு இல்லடா அது, ஒழுங்கா ஆஃப் பண்றதுக்கு.

ராமு 16 ஜிபி வேணும்னா எட்டு எட்டா ரெண்டு துண்டா வாங்கு, ரெண்டு பாதையில வேலை நடக்கும். நாலு ஸ்லாட்டு போர்டுன்னா ப்ராசசருலேருந்து எண்ணி ரெண்டாவது, நாலாவதுல மாட்டு. இதுலதான் இப்ப வயித்தெரிச்சல். ஏஐ கம்பெனிக்காரனுங்க டேட்டா சென்டருக்குன்னு மெமரி சிப்ப அள்ளிக்கினு போறானுங்க, 2025 கடைசியிலேருந்து ராமு விலை தாறுமாறா ஏறிக் கெடக்குது. மைக்ரான் கம்பெனி அந்த டிசம்பர்ல குரூசியல்கிற பேருல நம்மளாட்டம் ஆளுங்களுக்கு விக்கறதையே நிறுத்தறேன்னு சொல்லிட்டான். அதனால இப்ப 16 போதும், மீதி ரெண்டு ஸ்லாட்டு காலியா கெடக்கட்டும்.

சென்னைக்கு எப்ப கெளம்பற? விழுப்புரத்துல ரயிலேறு, எழும்பூருல எறங்கு, ரிச்சி ஸ்ட்ரீட்டு பக்கந்தான். ஞாயித்துக்கெழம போயி பூட்டப் பாத்துட்டு வராத. நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெருன்னு சந்து சந்தா பூந்து நாலு கடையில விலை கேளு. "அந்த மாடலு ஸ்டாக் இல்ல தம்பி, இது அதைவிட சூப்பரு"ன்னு ஒரு குரல் வரும். அப்ப உனக்குப் பசிக்கணும். டீ குடிச்சிட்டு வரேண்ணேன்னு சொல்லிட்டு அடுத்த கடைக்குப் போ. பில்லு இல்லாம கொறைச்சுத் தரேன்னா இனிக்கத்தான் செய்யும். 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சமாவும், மூணு வருச வாரண்டி காத்துல போவும். பில்லுல இருக்கற சீரியல் நம்பரும் பெட்டியில இருக்கறதும் ஒண்ணான்னு அங்கியே நின்னு பாரு. பெட்டி மேல இறக்குமதி பண்ணவங்க ஸ்டிக்கரு இருக்கணும், கெட்டுப் போனா அவங்க சர்வீஸ் சென்டர்லதான் வாங்குவாங்க.

மாட்டறப்ப அவசரப்படாத. ஏஎம்5 போர்டுல ப்ராசசரு உக்கார்ற குழியில 1718 காண்டாக்டு நிக்குது, விரலு பட்டா வளையும், வளைஞ்சா போர்டு போச்சு. முக்கோணக் குறி ரெண்டையும் ஒண்ணா வச்சு எறக்கு, தானா உக்காரும். தனியா கூலரு வாங்கியிருந்தா அடியில ஒட்டியிருக்கற பிளாஸ்டிக் தோல உரிச்சியான்னு ரெண்டு தடவை பாரு. தோலோட மாட்டிட்டு ப்ராசசரு கொதிக்குதுன்னு ஒப்பாரி வச்சவனுங்க உலகம் பூரா இருக்கானுங்க. முதல் தடவை ஆன் பண்ணா டிடிஆர்5 ராமு பழகறதுக்குக் கொஞ்ச நேரம் ஸ்க்ரீன் கருப்பாவே இருக்கும், பயந்து பயந்து ஸ்விட்ச்ச அமுக்காத. அப்பால பயாஸ்ல போயி எக்ஸ்போவ ஆன் பண்ணு, இல்லன்னா 6000ன்னு காசு குடுத்து வாங்கின ராமு 4800லயே நடந்துக்கினு கெடக்கும். விண்டோஸ்ல மானிட்டர 144க்கு மாத்து, அதுவும் 60லயே தூங்கும்.

எல்லாம் பண்ணியும் ஆட்டம் நொண்டுச்சுன்னா என்னக் கூப்பிடாத, பின்பக்கம் போயி எட்டிப் பாரு. மானிட்டரு வயரக் கார்டுல சொருவாம போர்டுல சொருவியிருப்ப. 7600ன்னா படம் வரும், அதனால சந்தேகமே வராது, வாங்கின கார்டு சும்மா குந்தியிருக்கும். வயர மாத்திச் சொருவு. அதுக்கு அப்பாலயும் தோத்தன்னு வச்சிக்க, மெஷினு மேல பழி போடாத ராசா. அந்த சாமான் ரிச்சி ஸ்ட்ரீட்டுல எந்தக் கடையிலயும் விக்கிறதில்ல.